கண்ணுக்கெட்டும் தூரம்

கோயம்புத்தூரில் நிலத்தின் விலை ஏறிய ஏற்றத்தில், ஒரு நாள் அது வானத்தையே தாண்டிப் போய்விட்டது. அன்றைக்குத்தான் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கூடி, "அப்படின்னா வானத்துலயே இருந்துக்கலாமுங்க, வாடகை கம்மி" என்று முடிவு கட்டினார்கள். மிதப்புத் தட்டு என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. பட்டறையின் நாலு மூலைக்கும் நாலு தட்டு மாட்டி ஸ்விட்சைப் போட்டால், லேத்து, டிரில்லிங் மெஷின், முதலாளி, முதலாளியின் குலதெய்வப் படம் எல்லாம் சேர்ந்து மேலே எழும்பிவிடும். எப்படி மிதக்கிறது என்று ஒரு எஞ்சினியரைக் கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினார். நானும் அரை மணி நேரம் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

மூவாயிரம் பட்டறைகள் மேலே வந்தன. நெருக்கடி என்றால் அப்படியொரு நெருக்கடி. காக்கைகள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று மருதமலைக்குப் பறந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் எல்லாப் பட்டறைகளும் தொட்டில் மாதிரி ஆடும். விடிகாலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, லேத்துக்கு அடியில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாடையோடு எழுந்து போகும். அது பெய்த மழையில் நனைந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு மூட்டு வலியே வரவில்லை என்று கீழே பேசிக்கொண்டார்கள்.

மிதக்கிற பட்டறை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வில்லங்கமே அதில்தான். எல்லோருக்கும் நடுவில் நிற்க ஆசை. வார்ப்புக்காரன் பக்கத்தில் இருந்தால் அச்சு சீக்கிரம் வரும், வைண்டிங்காரன் பக்கத்தில் இருந்தால் மோட்டார் சீக்கிரம் வரும், டீக்கடை பக்கத்தில் இருந்தால் எல்லாமே சீக்கிரம் வரும். முட்டல், மோதல், தகரம் நசுங்கல். அப்போதுதான் ஒரு கம்பெனி 'அண்டை'யைக் கொண்டுவந்து மாட்டியது.

அண்டை ஒரு மூளை. காலைச் சங்கு ஊதும்போது, இன்றைக்கு யாருக்குப் பக்கத்தில் யார் நின்றால் ஊரில் அதிக வேலை நடக்கும் என்று கணக்குப் போட்டு, அத்தனை பட்டறைகளையும் அதுவே நகர்த்தி நிறுத்தும். சாயங்காலச் சங்கு வரைக்கும் யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது. உற்பத்தி ஏறியது பாருங்கள், ஒரு வாரத்தில் செய்த பம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவிலிருந்து தண்ணீர் இறைத்திருக்கலாம்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் மேலே ஒரு சின்ன வீடு. எங்களைப் போன்றவர்களால் அண்டைக்கு உற்பத்தி ஒன்றும் கிடையாதே, அதனால் எங்கள் வீடுகளை அது வேறு விதமாகப் பயன்படுத்தியது. பல்பு பெட்டியில் காகிதம் திணிப்பார்களே, அந்த மாதிரி, காற்றில் பட்டறைகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க இண்டு இடுக்குகளில் எங்களைத் திணித்து வைத்தது. தினமும் ஒரு புது இடுக்கு. என் மனைவி மரகதத்துக்கு இதில் பெரிய அவமானம்.

"காத்தால பல்லு வெளக்க எந்திரிச்சா எதுத்தாப்புல யாரு ஊட்டு ஜன்னல் இருக்கும்னே தெரியறதில்லீங்க. நானென்ன ஊறுகாயா, கெடைக்கிற சந்துல எல்லாம் வெச்சு அமுக்கறதுக்கு?"

எனக்கோ கொண்டாட்டம். தினம் ஒரு பட்டறை, தினம் ஒரு வம்பு. மூவாயிரம் குடும்பங்களின் சமாச்சாரம் என் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் போய் வந்தது.

அப்படி ஒரு நாள் மல்லீஸ்வரியின் பட்டறைக்குப் பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டேன்.

மல்லீஸ்வரி இம்பெல்லர் செய்கிறவள். பம்புக்குள் சுழன்று தண்ணீரை வீசியடிக்கிற சக்கரம் அது. நாற்பதைத் தாண்டியவள், தனி ஆள், அப்பா விட்டுப்போன பட்டறையைத் தானே நடத்துகிறாள். அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு ஷாஃப்ட். அதைக் கடைகிறவர் சென்னியப்பன். கீழே, ஊரில் கணபதி பகுதியில் இருந்த காலத்தில் இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், இடுப்பு உயரம். "கொஞ்சம் டைட்டா இருக்குதுங்க" என்று இவள் ஷாஃப்டை நீட்டுவாள். "ஒரு மயிரிழை தேச்சுத் தரட்டுங்களா" என்று அவர் வாங்குவார். அந்த ஒரு மயிரிழையைத் தேய்ப்பதற்குள் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் முடிந்துவிடும். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தச் சுவரின் மேல் வைத்துப் பேசியிருந்தார்கள்.

இப்போது அண்டை அவர்களை வானத்தின் இரண்டு ஓரங்களில் வைத்திருந்தது. நடுவில் வெறும் ஆகாயம். தினமும் பதினொரு மணிக்கு இவள் இந்த விளிம்பில் வந்து நிற்பாள். அவர் அந்த விளிம்பில் எறும்பு அளவுக்குத் தெரிவார். பட்டறை இரைச்சலில் பழகிய கையாயிற்றே, கட்டைவிரலை வாய்க்குக் காட்டி 'டீ குடிச்சாச்சா' என்று கேட்பார். இவளும் கட்டைவிரலைக் காட்டுவாள். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

"ஃபோன்ல பேசிக்கலாமில்ல அம்மிணி?" என்றேன்.

"பேசி? என்னங்ணா பேசறது? கூப்பிட்டா, என்ன வேணுமுங்கன்னு கேப்பாரு. எனக்கு ஒண்ணும் வேண்டாமே. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தப்ப, என்ன வேணும்னு யாராச்சும் கேட்டாங்களா?"

சரிதான். பக்கத்தில் இருக்கிற மனிதரைப் பார்க்கக் காரணமே வேண்டாம். தூரத்தில் இருக்கிறவரைப் பார்க்கப் போனால் ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மிதவை ஆட்டோ ஏறிப் போய் ஒரு பெண்பிள்ளையின் பட்டறை வாசலில் நின்று என்ன சொல்வார் சென்னியப்பன்? அவர் கூச்சத்தை அளக்க இன்னும் கருவி வரவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலே வணக்கம் சொல்லிவிட்டு விலகிப் போகிற ஜாதி.

"அவுரு பட்டறைய விக்கப் போறாருங்களாமா," என்றாள் மல்லீஸ்வரி. கையிலிருந்த சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளத்தது. "ஆயுதபூஜை முடிஞ்ச மறுநா ஓசூர் போறாராம். அங்க கீழயே வேலை பாத்துக்கறாராம். டீக்காரரு சொன்னாரு."

"ஏனாம்?"

"தெனமும் பாத்துட்டே இருக்க முடியலியாம்." அடுத்த சக்கரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பாதி கோயம்புத்தூர் அதிரும். அன்றைக்கே மெர்லினைப் பார்க்கப் போனேன்.

அண்டை இருந்த கூண்டு எல்லாப் பட்டறைகளுக்கும் மேலே, தனியாக மிதந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் மெர்லின், நாகர்கோவில் பெண். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேச ஆள் இல்லாமல் காய்ந்து போயிருந்த பெண்ணிடம் நான் போய்ச் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

"ஏன் கண்ணு, ஷாஃப்டும் இம்பெல்லரும் பொட்டும் நெத்தியும் மாதிரி. ஒட்டி இருக்கோணும். அதுகளக் கொண்டுபோய் ரெண்டு கோடியில வெச்சிருக்குதே உன்ற அண்டை, அதுக்குக் கிறுக்கா?"

"மொதல்ல பக்கத்துலதான் சார் வெச்சுது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தாங்க. வேலை நடக்கல."

"சரி, அப்ப ஒருத்தர ஒருத்தர் பாக்கவே முடியாத மூலைக்குத் தள்ளியிருக்கலாமே?"

"தள்ளுச்சு. அப்பமும் வேலை நடக்கல. ரெண்டு பேருக்கும் ரிஜெக்ட் பீஸா வந்து விழுந்துது." மெர்லின் குரலைத் தாழ்த்தினாள், அண்டைக்குக் கேட்டுவிடும் போல. "அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகத்திப் பாத்துது சார். கண்ணுக்குத் தெரியணும், ஆனா பேச எட்டக் கூடாது. அந்தத் தூரத்துல நிறுத்தினா மனுசங்க பேய் மாதிரி வேலை பாக்காங்க. ஏன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு ஆசையும் தெரியாது, ஏக்கமும் தெரியாது. பீஸ் எண்ணிக்கை மட்டுந்தான் தெரியும்."

"இவுங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தானே இப்படி?"

அவள் கண்ணாடித் தரை வழியாகக் கீழே காட்டினாள். மூவாயிரம் பட்டறைகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலைக்கு நடுவே ஒவ்வொருவரும் தலையைத் தூக்கி எங்கோ ஒரு திசையில் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். அண்ணன் பட்டறையைத் தம்பி பார்த்தான். பழைய கூட்டாளியைக் கூட்டாளி பார்த்தான். சண்டை போட்டுப் பிரிந்த மகனை அப்பா பார்த்தார். அத்தனை பேரும் எட்டாத தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அந்தப் பார்வைகளெல்லாம் நூலாக இருந்திருந்தால் வானத்தில் ஒரு வேட்டியே நெய்திருக்கலாம்.

"ஊரு முன்னேறுதுன்னு நெனச்சுட்டிருந்தேன் கண்ணு."

"முன்னேறத்தானே சார் செய்யுது," என்றாள் மெர்லின். "அதான் எனக்கும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

"ஒரு நாளைக்கு அணைச்சு வையேன் இத."

"வேலையப் பறிச்சிருவாங்க. சும்மா அணைக்க முடியாது. ஏதாவது காரணம் வேணும்லா?"

காரணம்தானே? நான் சிரித்த சிரிப்பில் கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்டை எதற்கு இருக்கிறது? வேலை செய்வதற்கு. வேலை செய்கிற பொருளுக்கு எங்கள் ஊரில் என்ன பெயர்? ஆயுதம். ஆயுதபூஜையன்று எந்தப் பட்டறையில் ஆயுதம் ஓடும்? ஸ்பேனரையே தொட மாட்டோம்!

கம்பெனிக்காரர்கள் எங்கேயோ கடல் தாண்டி இருந்தார்கள். "உங்கள் அண்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் மூவாயிரம் பட்டறைகளும் மறுநாள் மெஷினைத் தொடாது" என்று பட்டறைச் சங்கத்தின் சார்பில் தகவல் போனது. சங்கத்துக்கு அப்படித் தகவல் போனது நான் சொல்லித்தான் தெரியும். கம்பெனி சரி என்றது.

ஆயுதபூஜையன்று வானம் இருந்த கோலத்தை நான் சொல்லி நீங்கள் நம்பப் போவதில்லை. மூவாயிரம் பட்டறைகளுக்கும் வாழைக்கன்று. மாவிலைத் தோரணம் மேகத்திலிருந்து மேகத்துக்கு ஓடியது. லேத்துக்குப் பட்டை, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, ஃபோன்களையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி அவற்றுக்கும் பொட்டு. மிதவை ஆட்டோக்கள் மாலை போட்டுக்கொண்டு தூங்கின. நானும் மெர்லினும் அண்டையின் பெரிய கண்ணுக்கு மேலே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, முன்னால் பொரியும் சுண்டலும் படைத்து, ஸ்விட்சை அணைத்தோம். அது ஒரு பெருமூச்சு விட்டது. மின்விசிறி நின்ற சத்தம்தான் என்றாள் மெர்லின். எனக்கென்னவோ அது பெருமூச்சுதான்.

பூஜை முடிந்தால் பட்டறையை ஓர் அடியாவது நகர்த்த வேண்டுமே, வண்டி மாதிரி. எலுமிச்சம்பழத்தை எதன் மேல் ஏற்றி நசுக்குவது என்று ஆளாளுக்கு யோசித்து, கடைசியில் கையாலேயே பிழிந்துவிட்டுக் கிளம்பினார்கள். மின்சாரம் அண்டையின் வழியாக வருவது, அதுதான் தூங்குகிறதே. ஆகவே தட்டுகளில் மிதப்பதற்குப் போக மிச்சமிருந்த சார்ஜ் ஒரே ஒரு போக்குக்குத்தான் காணும். திரும்பி வர இருக்காது.

யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கூண்டிலிருந்து நானும் மெர்லினும் சுண்டலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம். வானம் மெதுவாகக் கலைந்தது. தம்பி அண்ணனிடம் போனான். கூட்டாளி கூட்டாளியிடம் போனான். கோபக்கார அப்பா, மகன் பட்டறையின் பக்கத்தில் போய் நின்று, தான் ஏதோ காற்றில் அடித்து வரப்பட்டவர் போல வேறு பக்கம் பார்த்தார். மூவாயிரம் பட்டறைகள் சத்தமில்லாமல், பாயில் உருண்டு அம்மா பக்கம் ஒட்டிக்கொள்ளும் குழந்தைகள் மாதிரி, ஒன்றையொன்று தேடி மிதந்தன.

மல்லீஸ்வரியின் பட்டறை கிழக்கு விளிம்பிலிருந்து கிளம்பியது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

"சார், அங்க பாருங்க!" என்றாள் மெர்லின்.

மேற்கு விளிம்பிலிருந்து சென்னியப்பனின் பட்டறையும் கிளம்பியிருந்தது. அந்தக் கூச்ச சுபாவி, அந்தக் கண்ணாடிக்கு வணக்கம் சொல்கிறவர், ஒரு நாளாவது பக்கத்தில் இருந்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பிவிட்டார்!

நடு வானத்தில் மூவாயிரம் பட்டறைகளின் சாம்பிராணிப் புகை சேர்ந்து ஒரு பெரிய வெள்ளை மலையாக நின்றது. இவள் இந்தப் பக்கம் நுழைந்தாள். அவர் அந்தப் பக்கம் நுழைந்தார். நான் போட்ட கூச்சலில் பொள்ளாச்சி மாடுகள் மிரண்டன. ஆனால் கீழே நாதஸ்வரம், மேளம், ஒரே ஆரவாரம். கூப்பிட ஃபோன் இல்லை, ஓட ஆட்டோ இல்லை. புகைக்குள் ஓர் ஆள் உயர இடைவெளியில் கடந்திருப்பார்கள். அவள் வெளியே வந்தபோது அவர் இருந்த இடம் காலி. அவர் வெளியே வந்தபோது அவள் இருந்த இடம் காலி. சார்ஜும் காலி.

அங்கே அவள் இருட்டும் வரை விளிம்பில் நின்றதைப் பார்த்தேன். ஓசூருக்கு இன்றைக்கே போய்விட்டார் என்று நினைத்திருப்பாள். இங்கே அவரும் நின்றார். தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அவள் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார். புகை கலையவில்லை. என் வாழ்நாளிலேயே முதல் முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. மரகதத்துக்குத் தெரிந்திருந்தால் சாமிக்குப் பொங்கல் வைத்திருப்பாள்.

மறுநாள் காலை ஸ்விட்சைப் போடப் போன மெர்லின் கையை நீட்டிவிட்டு நிறுத்தினாள்.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டோம்."

"என்ன?"

"முழிச்ச உடனே அண்டை என்ன பாக்கும்? யார் பக்கத்துல யார் நிக்காங்கன்னு பாக்கும். இத்தனை நாளா அதுக்கு ஊகம்தான். இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க மனசைக் காட்டிக்கிட்டு நிக்காங்க. இனிமே யார யாருகிட்டருந்து எவ்வளவு தூரத்துல வைக்கணும்னு அதுக்கு அச்சொட்டாத் தெரிஞ்சிரும்."

சங்கு ஊதியது. போடாமல் இருக்க முடியாது. போட்டாள்.

அண்டை குங்குமத்தின் வழியாக உலகத்தைப் பார்த்தது. தம்பியை அண்ணனிடமிருந்து உரித்து எடுத்தது. கூட்டாளியைக் கூட்டாளியிடமிருந்து எடுத்தது. அப்பாவை மகனிடமிருந்து எடுத்தபோது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரியும், குரலுக்கு எட்டாத அந்தத் தூரத்துக்குப் போனார்கள், ஒரு சாண் கூடாமல், ஒரு சாண் குறையாமல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சார்," என்று மெர்லின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், சார், சார்!"

கிழக்கிலிருந்து ஒரு பட்டறையும் மேற்கிலிருந்து ஒரு பட்டறையும் நடுவானத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"அவங்க ரெண்டு பேரும் நேத்து ஒண்ணு சேரலயே சார்! ஒருத்தர ஒருத்தர் தேடவே இல்லன்னு அண்டை நெனச்சிட்டுது. ஆசை இல்லாதவங்கள தூரத்துல வெச்சு என்ன லாபம்? அப்ப அவங்க வெறும் ஷாஃப்டும் இம்பெல்லரும்தானே. தொழில் கணக்குப்படி..."

தொழில் கணக்குப்படி இரண்டு பட்டறைகளும் தகரத்தோடு தகரம் உரசுகிற அளவுக்கு நெருங்கி வந்து நின்றன. காற்றில் இடித்துக்கொள்ளாமலிருக்க நடுவில் எதையாவது திணிக்க வேண்டுமே? என் வீட்டைத்தான் திணித்தது. மரகதத்தின் சமையலறை ஜன்னல் ஒரு பக்கம், குளியலறை ஜன்னல் மறுபக்கம். நான் மிதவை ஆட்டோவில் பறந்து போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு பேரும் என் வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தார்கள்.

"ஓசூர்..." என்றாள் மல்லீஸ்வரி.

"இல்லீங்க," என்றார் சென்னியப்பன். அவருடைய மொத்தப் பேச்சு அதுதான். ஆனால் அதைச் சொன்ன முகத்தைப் பார்த்து மரகதம் அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள்.

நான் மூச்சு வாங்க, அண்டைக்குக் கேட்காத குரலில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவர் பிரியம் என்று அண்டைக்குத் துளி சந்தேகம் வந்தாலும் சரி, மறுநாள் காலை அந்தக் கோடி, இந்தக் கோடி.

மல்லீஸ்வரி ஒரு கணம்தான் யோசித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளி விளிம்புக்குப் போய், வானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏனுங்க, கண்ணு இருக்குதுங்களா உங்களுக்கு? இதுக்குப் பேரு ஷாஃப்டுங்களா? கொண்டுபோய்க் கொடிக்கம்பமா நட்டுக்குங்க!"

சென்னியப்பன் ஆடிப்போனார். "நானு... நேத்துத்தானுங்களே கடைஞ்சேன்..."

"திட்டுங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பதிலுக்குத் திட்டுங்க!"

அவர் வெகுநேரம் தேடினார். நெற்றி வியர்த்தது. "உங்க இம்பெல்லர் மட்டும் என்னங்க... அது... அது நல்லாத்தானுங்க இருக்குது."

மரகதம் வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ரகசியத்தை நான் நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன். பத்து நாளில் வானம் முழுக்கச் சண்டை. அதுவும் எங்கள் ஊர்ச் சண்டை, மரியாதை குறையாமல். "பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேனுங்க!" "நீங்க மொதல்ல எறங்கிப் போயிருங்க, எனக்கு வாயில நல்லா வந்துருமுங்க!" அண்ணனைத் தம்பி பழித்தான். மகனோடு அப்பா மறுபடி சண்டை போட்டார், இந்தத் தடவை மகனிடம் சொல்லிவிட்டு. அண்டை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் யாராவது இரண்டு பேர் திட்டிக்கொண்டே அருகில் வந்து சேர்ந்தார்கள். அகன்று கிடந்த வானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் பழைய சந்து மாதிரி ஆகிவிட்டது. பம்புகள் குறைந்தன. நிலாவில் தண்ணீர் இறைக்கும் திட்டம் தள்ளிப் போனது.

"கம்பெனியில கேக்காங்க சார், ஏன் எல்லாரையும் இப்பிடி ஒட்டி வெச்சிருக்குன்னு," என்று ஒரு மத்தியானம் மெர்லின் வந்து உட்கார்ந்தாள். "அண்டையக் கேட்டேன். அது சொல்லுது, இந்த ஊர்ல யாருக்கும் யாரையும் பிடிக்காதாம். அதனால எல்லாரையும் பக்கத்துப் பக்கத்துலயே வெச்சிருக்கது ஒண்ணுதான் வழியாம்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது வெளியே ஒரு குரல். சென்னியப்பன்! பத்து நாளும் விடியவிடிய உட்கார்ந்து யோசித்து, மனப்பாடம் செய்து, இன்றைக்குத் துணிந்துவிட்டார். விளிம்பில் நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டு, வானமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"நீங்க இந்தப் பக்கம் வந்து நின்னா, எனக்கு வேலையே ஓட மாட்டேங்குதுங்க!"

மல்லீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. மேலே அண்டை அதை வெறுப்பு என்று குறித்துக்கொண்டது.